“கீழ் பிரஷர் நல்லா இருக்கு”

அம்மாவுக்கு 74 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தனியாக இருக்கிறார். “உன் வீட்டுக்கு வந்தா எனக்குப் பொழுது போகாது” என்று சொல்லிவிட்டதால், சனிக்கிழமை பள்ளி முடிந்ததும் புதுச்சேரியிலிருந்து நான்தான் பஸ் ஏறிப் போய் வருகிறேன். மாதம் ஒரு தடவை தெருமுனை கிளினிக்கில் பிரஷர் பார்த்து ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். 168/64. அடுத்த மாதம் 162/66. அதற்கடுத்து 170/62. சீட்டைக் கொடுக்கும்போது அங்கிருக்கும் அம்மணி சொல்வது எப்போதும் ஒன்றுதான்: “கீழ் பிரஷர் நல்லா இருக்கு பாட்டி. மேல கொஞ்சம் ஜாஸ்தி, அது வயசுக்கு அப்படித்தான்.” அம்மாவுக்கு அந்த 64-இல் கொள்ளைப் பெருமை. எதிர்வீட்டு மாமிக்கு கீழ் பிரஷர் 95 என்று தெரிந்த நாளிலிருந்து பெருமை இன்னும் கூடிவிட்டது. இதற்கு மேல் ஊரில் ஒரு கணக்கு வேறு உண்டு: வயதோடு நூறைக் கூட்டிக்கொள், அதற்குள் இருந்தால் சரி. 74-உம் 100-உம் 174. அம்மா பாஸ்.

எனக்கு அந்தச் சீட்டு உறுத்திக்கொண்டே இருந்தது. மருத்துவம் தெரிந்ததால் அல்ல. மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவள் என்பதால். மேல் பிரஷர், கீழ் பிரஷர் என்று நாம் இரண்டு தனித்தனிச் சரக்குகள் போலப் பேசுகிறோம். இருப்பதோ ஒரே அலை. இதயம் சுருங்கும்போது அதன் உச்சம் மேல் எண். அடுத்த துடிப்புக்குச் சற்று முன் அது இறங்கி நிற்கும் இடம் கீழ் எண். ஒரு அலையின் உச்சம் ஏறிக்கொண்டும் பள்ளம் இறங்கிக்கொண்டும் போகிறது என்றால், பள்ளத்தை மட்டும் எடுத்துப் பாராட்டுவது என்ன நியாயம்? மாணவன் யாராவது அப்படி விடை எழுதினால் அரை மதிப்பெண்கூடப் போடமாட்டேன். ஆனால் இது அம்மாவின் உடம்பு. வெறும் வகுப்பறை நியாயத்தை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் வாதாட முடியாது. அப்படியே கிடந்தது.

கணக்கு சாரின் 14.8

அதைக் கிளறிவிட்டவர் எங்கள் பள்ளிக் கணக்கு சார். 46 வயது. அதிகாலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைத் தாண்டிக் கைவீசி நடக்கும் கூட்டத்தில் ஒருவர். அந்த நடைக் கூட்டத்தை நம்பித்தான் புதுச்சேரியில் பாதி இலவச முகாம்கள் நடக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த முகாமுக்குப் போயிருக்கிறார். படுக்க வைத்து, இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் பட்டை சுற்றி, ஐந்து நிமிடத்தில் வழவழப்பான காகிதத்தில் கலர் ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். மேலே கொட்டை எழுத்தில், சிவப்புக் கட்டத்துக்குள்: உங்கள் ரத்தக்குழாய் வயது 61. கீழே 1480 என்று ஓர் எண். பக்கத்து மேசையில், இந்த 61-ஐ மறுபடி 46-க்குக் கொண்டுவர ஒரு பேக்கேஜ். தவணை வசதியும் உண்டு.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அந்த 1480 வினாடிக்குச் சென்டிமீட்டர் என்று கண்டுபிடித்து, 14.8 மீட்டர் என்று மாற்றி, இரவு முழுக்க இணையத்தில் தேடியிருக்கிறார். நாடி அலையின் வேகம் வினாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் பாதிப்பு என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. “எனக்கு 14.8 மேடம். நான் எப்படி உயிரோட இருக்கேன்?” என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் அன்று டிபன் பாக்ஸை மூடியபடியே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

நாடி அலை என்றால் ரத்தம் ஓடும் வேகம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அவரும் அப்படித்தான் நினைத்தார். ரத்தம் அவ்வளவு வேகமாக ஓடுவதில்லை. பெருந்தமனியில்கூடச் சராசரியாக வினாடிக்கு ஒரு மீட்டருக்கும் வெகு கீழேதான். விழுப்புரம் ஜங்ஷனில் இன்ஜின் வந்து பெட்டியில் இடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டிகள் ஓர் அடிகூட நகராது, ஆனால் அந்த அதிர்வு கடைசிப் பெட்டி வரை தடதடவென்று ஓடும். கொக்கிகள் தளர்வாக இருந்தால் அதிர்வு ஆற அமரப் போய்ச் சேரும். இறுக்கமாக இருந்தால் இடித்த கையோடு போய்ச் சேரும். இதயம் ஒவ்வொரு முறை ரத்தத்தைத் தள்ளும்போதும் ரத்தக்குழாய்ச் சுவர் வழியாக ஓடுவது அந்த அதிர்வுதான். சுவர் நெகிழ்வாக இருக்கும் இருபது வயதில் வினாடிக்கு ஐந்தாறு மீட்டர். சுவர் விறைக்க விறைக்க வேகம் கூடும்.

இதில் எனக்குத் தனிச் சந்தோஷம் ஒன்று உண்டு. ஒரு பொருள் இழுபட எவ்வளவு மறுக்கிறது என்று சொல்லும் யங் குணகத்தைப் பதினோராம் வகுப்பில் நடத்துகிறோமே, அந்தத் தாமஸ் யங் அடிப்படையில் ஒரு மருத்துவர். 1808-இல் லண்டனில் இதயமும் தமனிகளும் வேலை செய்யும் விதம் பற்றிப் பேருரை ஆற்றியவர். மீள்திறனுள்ள குழாயில் நாடி அலை எப்படி ஓடும் என்று கணக்குப் போட்டவர். கம்பியில் எடையைக் கட்டித் தொங்கவிட்டுப் பிள்ளைகளை அளக்கச் சொல்லும்போது இதை நாம் ஏன் சொல்லுவதில்லை என்று தெரியவில்லை. பிறகு 1878-இல் மோன்ஸ், கோர்ட்டெவெக் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் அதைச் சூத்திரமாக்கினார்கள்: வேகத்தின் வர்க்கம் சுவரின் விறைப்புக்கும் தடிமனுக்கும் நேர் விகிதம், குழாயின் ஆரத்துக்கும் ரத்தத்தின் அடர்த்திக்கும் எதிர் விகிதம். கணக்கு சாருக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். சூத்திரத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது அவருக்கு. ஆனால் 14.8 அப்படியே நின்றது.

நார்மல் ஆள் தேவை

புதுச்சேரியைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அதில் ஒன்றில் என் பழைய மாணவன் உடலியங்கியலில் மேற்படிப்பு படிக்கிறான். ஆய்வுக்கு ரத்தக்குழாய் விறைப்பை அளக்கிறான் என்று தெரிந்து, கணக்கு சாரின் ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பினேன். பதிலுக்கு அவன் என்னையே கேட்டான்: “டீச்சர், நோயாளிங்க நிறையக் கிடைக்கிறாங்க. ஐம்பது தாண்டி, சுகர் பிரஷர் எதுவும் இல்லாம, மாத்திரையும் போடாத ஆள்தான் கிடைக்கவே மாட்டேங்கிறாங்க. நீங்க வர்றீங்களா?” ஐம்பதைத் தாண்டிய பெண்ணை நார்மல் என்று ஒருவர் தேடி அழைப்பது அடிக்கடி நடப்பதில்லை. போனேன்.

முதலில் ஒப்புதல் படிவம், தமிழில். அதில் ஒரு வரி: இந்தப் பரிசோதனையால் உங்களுக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லை. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். முகாமில் கணக்கு சாருக்குக் கொடுத்த காகிதத்தில் இப்படி ஒரு வரி இருந்திருந்தால் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

முந்தின மூன்று மணி நேரம் காபி கூடாது. வந்ததும் பத்து நிமிடம் சும்மா படுக்க வேண்டும், பேசக் கூடாது, தூங்கவும் கூடாது. ஒரு டீச்சருக்கு இதில் எது கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சில் ஈசிஜி ஒட்டுகள். பிறகு பேனா போன்ற ஒரு கருவி. அதன் முனையில் அழுத்தத்தை உணரும் சின்னப் பொத்தான். அதைக் கழுத்தில், தாடைக்குக் கீழே நாடி துடிக்கும் இடத்தில் லேசாக அழுத்தி, அலை சீராக வரும்வரை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தினான். திரையில் மலை போல ஏறி, இறங்கும் வழியில் ஒரு சின்னத் திட்டு விட்டு மறுபடி இறங்கும் வடிவம், ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு அதே பேனா தொடை இடுக்கில். அதற்கு ஒரு பெண் உதவியாளரைக் கூப்பிட்டான். கழுத்துக்கு அலை வந்துசேரும் நேரத்துக்கும் தொடைக்கு வந்துசேரும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இயந்திரம் சொல்லிவிடும். எனக்கு 58 மில்லி வினாடி.

நேரம் கிடைத்துவிட்டது, இனி தூரம். ஒரு டேப்பை எடுத்தான். நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி சுத்தமாக அளந்துவிட்டு, தூரத்துக்குத் தையல்காரர் டேப்பா என்று கேட்டேவிட்டேன். சிரித்தான். “இதுதான் டீச்சர் இந்த வித்தையோட ஓட்டை. கழுத்துல ஒரு அலை மேல போகுது, அதே நேரம் இன்னொண்ணு கீழ போகுது. நேர்த் தூரத்தை அப்படியே வைக்க முடியாது.” அதனால் நேர்த் தூரத்தில் 80 சதவீதத்தை எடுத்துக்கொள்வது என்று 2012-இல் நிபுணர்கள் கூடி ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கழுத்துக்கும் தொடைக்கும் 60 சென்டிமீட்டர். அதில் 80 சதவீதம் 48. அதை 58 மில்லி வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 8.3 மீட்டர், என் வயதுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த 80 சதவீதத்தை விட்டுவிட்டு 60-ஐ அப்படியே வைத்தால்? மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். 10.3. அதே உடம்பு, அதே படுக்கை, அதே அலை; டேப்பைப் படிக்கும் விதத்தில் நான் நோயாளியாகிவிடுவேன். முன்பு முழுத் தூரத்தை வைத்துக் கணக்கிட்ட காலத்தில் ஆபத்துக் கோடு 12-ஆக இருந்ததும், 80 சதவீதம் வந்தபின் அது 10-ஆனதும் இதனால்தான்.

கணக்கு சாரின் 14.8-க்கும் அங்கேயே விடை கிடைத்தது. அவருக்கு அளந்தது கழுத்திலிருந்து தொடைக்கு அல்ல, கையிலிருந்து கணுக்காலுக்கு. அந்தப் பாதையில் கால் தமனிகளும் சேர்ந்துவிடுகின்றன. அவை இயல்பிலேயே பெருந்தமனியைவிட விறைப்பானவை. ஆகவே எண் எப்போதும் பெரிதாகத்தான் வரும். இந்தக் கை–கணுக்கால் முறை அதிகம் புழங்குவது ஜப்பானில். அங்கே மிகை ரத்த அழுத்தத்துக்கான வழிகாட்டுதலில் எச்சரிக்கைக் கோடு 18. ஒரு முறையின் எண்ணை எடுத்து இன்னொரு முறையின் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் மனிதர் இரவு முழுக்க விழித்திருக்கிறார். வயதுக்கு அவருடைய எண் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. போனில் சொன்னதும், “அப்ப அந்த 61?” என்றார். அது ஏதோ ஒரு சராசரி வரைபடத்தில் அவருடைய எண் போய் உட்காரும் இடம். எந்த மக்களின் சராசரி, எத்தனை பேரை அளந்தது என்று காகிதத்தில் எங்கும் இல்லை.

104

ஒட்டுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் அம்மாவையும் அழைத்து வரட்டுமா, அவருக்கும் இதை அளந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். அம்மாவுக்குப் பிரஷர் எவ்வளவு என்றான். 168-க்கு 64. ஒரு நொடி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நூத்திநாலு” என்றான். என்ன நூற்றுநாலு என்றேன். “மேலேருந்து கீழைக் கழிங்க. டீச்சர், உங்க அம்மாவுக்கு இந்த மெஷினே தேவையில்லை. அவங்க ரத்தக்குழாய் விறைச்சுப்போச்சுன்னு அந்தச் சீட்டே சொல்லுது.”

இவ்வளவு நாள் உறுத்திய பள்ளத்துக்கும் உச்சத்துக்கும் அவன் சொன்ன விளக்கம் இது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வெறும் குழாய் அல்ல. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய 70 மில்லி ரத்தம் வந்து விழும்போது அது புடைத்து, ஏறத்தாழ பாதியை உள்ளே நிறுத்திவைக்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் சுருங்கி, நிறுத்திய ரத்தத்தை மெல்லத் தள்ளிவிடுகிறது. அதனால்தான் இரண்டு துடிப்புகளுக்கு நடுவிலும் பிரஷர் அடியோடு விழுவதில்லை. இந்த நெகிழ்வைத் தருவது எலாஸ்டின் என்ற புரதம். கருவிலும் சிறுவயதிலும் உண்டானதுதான் பெரும்பகுதி. அதை வைத்துக்கொண்டுதான் வாழ்நாள் முழுக்க, ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பைத் தாங்க வேண்டும். ஆண்டுகள் போகப் போக எலாஸ்டின் இழைகள் நொறுங்கி, அந்த இடத்தைக் கொலாஜன் என்ற விறைப்பான இன்னொரு புரதம் பிடித்துக்கொள்கிறது. சுகரும் உப்பும் பீடி சிகரெட்டும் கட்டுப்படாத பிரஷரும் அதைத் துரிதப்படுத்துகின்றன. விறைத்த பெருந்தமனி புடைக்காது. வருகிற ரத்தமெல்லாம் வந்த வேகத்திலேயே போக, உச்சம் ஏறும். நிறுத்திவைத்த ரத்தம் இல்லாததால், ஓய்வு நேரத்தில் பள்ளம் இறங்கும். போதாததற்கு, கீழே போய் மோதித் திரும்பி வரும் அலை ஒன்று உண்டு. இளம் வயதில் அது நிதானமாக, இதயம் தள்ளி முடித்து அதன் வால்வு மூடியபின் வந்து கீழ் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும். விறைத்த குழாயில் வேகமாகத் திரும்பி, இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வந்து உச்சத்தின் மேல் ஏறிக்கொள்ளும்.

இங்கேதான் இதயம் மாட்டிக்கொள்கிறது. உடம்பின் மற்ற பாகங்களுக்கெல்லாம் ரத்தம் அதிகம் போவது இதயம் சுருங்கும்போது. இதயத்தின் இடது கீழறைத் தசைக்கு மட்டும் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் ரத்தம் கிடைக்கும், அதாவது கீழ் பிரஷரின் தயவில். மேல் எண் ஏறும்போது தசைக்கு வேலை கூடுகிறது, தசை தடிக்கிறது, கூடுதல் ரத்தம் கேட்கிறது. அதே நேரம் கீழ் எண் இறங்குவதால் வருகிற ரத்தம் குறைகிறது. ஏற்கெனவே இதயத் தமனியில் அடைப்பு இருப்பவர்களுக்கு இது இரட்டை அடி. அம்மா பெருமைப்பட்டுக்கொண்டிருந்த 64, அந்த 168-ஐப் பெற்றெடுத்த அதே விறைப்பின் பிள்ளை.

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டில் யாருக்காவது 104/64 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். வித்தியாசம் 40, அது ஆரோக்கியம். வயதானவர்களுக்கு வித்தியாசம் 60-ஐத் தொட்டாலே விறைப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2013-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. 1948-இல் தொடங்கி அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர்க்காரர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து பார்த்ததில் தெரிந்த விஷயமும் இதுதான்: மேல் எண் வயதோடு ஏறிக்கொண்டே போகிறது, கீழ் எண் ஐம்பது, அறுபது வயதுவரை ஏறி, பிறகு இறங்கத் தொடங்குகிறது. ஐம்பதைக் கடந்தபின் இறங்கும் கீழ் எண் நல்ல சேதி என்று யாரும் கொண்டாட வேண்டியதில்லை.

கிளினிக் அம்மணி மீது எனக்குக் கோபம் இல்லை. அந்த வாக்கியம் அவருடையதே அல்ல. பல பத்தாண்டுகளாக மருத்துவர்களே கீழ் எண்ணைத்தான் பெரிதாக நினைத்தார்கள். மேல் எண் ஏறுவது முதுமையின் இயல்பு என்று விட்டுவிட்டார்கள். அந்த வயதோடு நூறைக் கூட்டும் கணக்கும் அங்கிருந்து வந்ததுதான். அதைக் கேள்வி கேட்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 1991-இல் வந்தது. அறுபது தாண்டிய 4,736 பேர். அத்தனை பேருக்கும் மேல் எண் 160-க்கு மேல், கீழ் எண் 90-க்குக் கீழ். அச்சு அசலாக என் அம்மாக்கள். பாதிப் பேருக்கு குளோர்தாலிடோன் என்ற விலை மலிவான மாத்திரையில் தொடங்கிச் சிகிச்சை, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. சிகிச்சை பெற்றவர்களிடம் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது, மாரடைப்பும் அதனால் வரும் மரணமும் கால் பங்குக்கு மேல் குறைந்தன. முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. அந்தச் செய்தி திருப்பாதிரிப்புலியூர் தெருமுனைக்கு இன்னும் வந்து சேரவில்லை. கை–கணுக்கால் கலர் ரிப்போர்ட் மட்டும் லாஸ்பேட்டைக்கு வந்துவிட்டது. எரிச்சல் எனக்கு இதில்தான்.

அன்றிரவு படித்ததில் என்னைப் பிடித்துக்கொண்ட ஒரு மனிதரைச் சொல்லிவிடுகிறேன். ஃபிரெடெரிக் அக்பர் மஹோமெட், 1849-இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் பிறந்தவர். பாட்னாவில் பிறந்து லண்டனில் 1810-இல் இந்தியச் சாப்பாட்டுக் கடை போட்ட சேக் தீன் மஹோமெட்டின் பேரன். கைப்பட்டை கட்டி பிரஷர் பார்க்கும் கருவியை ரீவா–ரோச்சி கொண்டுவந்தது 1896-இல். அதற்கு இருபது வருஷத்துக்கும் முன்பே இவர் லண்டன் கைஸ் மருத்துவமனையில், மணிக்கட்டு நாடியின் அசைவைக் காகிதத்தில் கீறும் கருவியைச் செப்பனிட்டு, அலையின் வடிவத்தைப் பார்த்தே யாருக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, யாருக்கு வயதால் தமனி நெகிழ்வற்றுப் போயிருக்கிறது என்று சொன்னார். சிறுநீரகம் கெடுவதற்கு முன்பே அழுத்தம் கூடலாம் என்று கண்டவரும் இவர்தான். 35 வயதில் டைஃபாய்டில் போய்விட்டார். பிறகு கைப்பட்டை வந்தது, 1905-இல் கொரோட்கோவ் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இரண்டு எண்களைச் சொல்லக் கற்றுக்கொடுத்தார், அலையின் வடிவத்தை எல்லோரும் மறந்துபோனார்கள். இப்போது லட்சக்கணக்கில் விலை வைத்து அதே வடிவத்தைக் கணினித் திரையில் திருப்பித் தருகிறார்கள்.

அம்மாவிடம் போன கதை

“நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா?” என்பதுதான் முதல் வரவேற்பு. 64-ஐக் குறை சொன்னதில் அவருக்கு வருத்தம். ஒருவழியாக மஞ்சக்குப்பத்தில் ஒரு பொது மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சீட்டுகளை வரிசையாகப் பார்த்தார். அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது: அம்மாவைப் படுக்க வைத்து அளந்தார், எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி அளந்தார். படுத்திருக்கையில் 166, நின்றதும் 140. “காலைல எழுந்தா தலை சுத்துதாம்மா?” என்று கேட்டார். சுற்றுகிறதாம். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இதுவும் அதே விறைப்பின் வேலைதான். நாம் எழுந்து நிற்கும்போது பிரஷர் விழாமல் பார்த்துக்கொள்ளும் உணர்நரம்புகள் கழுத்துத் தமனியின் சுவரிலும் பெருந்தமனியின் சுவரிலும் இருக்கின்றன. சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை வைத்துத்தான் அவற்றுக்குச் சேதி போகிறது. இழுபடாத சுவரில் சேதி மந்தமாகிவிடும். ஆகவே 168-ஐப் பார்த்துப் பதறி ஒரேயடியாக மாத்திரையை ஏற்றினால், பாத்ரூமில் விழுந்து இடுப்பு ஒடியும். அவர் மிகக் குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு ஏற்றினார். இப்போது மேலே 145-ஐ ஒட்டி நிற்கிறது, கீழே 60. கீழே இன்னும் இறங்கினால், நெஞ்சு வலி என்று சொன்னால், மாத்திரையைக் கூட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

கருவாட்டில்தான் பேச்சுவார்த்தை இழுக்கிறது. வெந்நீரில் இரண்டு தடவை அலசிப் போட்டால் உப்பு போய்விடும் என்பது அம்மாவின் கட்சி. உப்பு போய்விட்டால் அது கருவாடே இல்லை என்பதும் அம்மாவின் கட்சிதான்.

இதையெல்லாம் பார்த்தபின் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய நகரத்தில், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை, காதில் எப்போதும் ஒரு பீடி. கடைசிச் சில வருடங்கள் கொஞ்ச தூரம் நடந்தால் நின்றுவிடுவார். கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, யாரோ தெரிந்தவரைப் பார்ப்பது போலத் தெருவைப் பார்ப்பார், வலி போனதும் நடப்பார். வாதம் என்று தைலம் தேய்த்தோம். போனது மாரடைப்பில். மாணவனிடம் இதைச் சொன்னபோது, கணுக்காலில் பிரஷர் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றான். படுத்திருக்கும்போது கணுக்கால் பிரஷர் கையின் அளவுக்கோ கொஞ்சம் கூடவோ இருக்க வேண்டும். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் கால் தமனியில் அடைப்பு. காலில் இருப்பவர்களுக்கு இதயத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம். சுகர்க்காரர்களுக்குச் சில சமயம் தமனியில் சுண்ணாம்பு படிந்து பட்டையால் அமுக்கவே முடியாமல், 1.4-ஐத் தாண்டும், அதுவும் நல்லதல்ல. தேவையான சாமான், சாதாரணப் பிரஷர் பட்டையும் நாடியின் ஓசையைக் கேட்கும் ஒரு டாப்ளர் பேனாவும். கணக்கு சார் போன முகாம் இயந்திரத்தில் இந்த வகுத்தலும் வந்திருந்தது, ரிப்போர்ட்டின் மூலையில் பொடி எழுத்தில்: 1.08. அவர் உடம்பைப் பற்றி அந்தக் காகிதத்தில் இருந்த மிக நல்ல சேதி அதுதான். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அப்படியானால் நாடி அலை வேகம் வெறும் வியாபாரமா? அதுவும் இல்லை. மாணவன் விடாமல் சண்டை போட்டான், அவன் பக்கம் சரக்கு இருக்கிறது. 2010-இல், 17 ஆய்வுகளில் இருந்த 15,877 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, பெருந்தமனி அலை வேகம் வினாடிக்கு ஒரு மீட்டர் கூடினால், வயதையும் மற்றக் காரணங்களையும் கழித்துவிட்டபின்னும், இதய ரத்தக்குழாய் நோய் நேரும் அபாயம் 14 சதவீதம் கூடுவது தெரிந்தது. குறிப்பாக நடுவயதில், மேல்–கீழ் வித்தியாசம் இன்னும் விரியாத கட்டத்தில், குழாய் விறைக்கத் தொடங்குவதை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். நான் கேட்டது வேறு: அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? பிரஷரைக் குறை, உப்பைக் குறை, நட, புகையை விடு, சுகரைப் பிடித்து வை. எண் தெரியாவிட்டாலும் அதைத்தானே சொல்லப்போகிறார்கள்? பிரான்சில் ஐந்நூற்றுச் சொச்சம் பிரஷர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அலை வேகத்தைக் குறைப்பதையே இலக்காக வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வெளிவந்தது. வேகம் ஏறாமல் நின்றது. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆள் எண்ணிக்கை குறைவு, இன்னும் பெரிய ஆய்வு வேண்டும் என்கிறான் அவன். இருக்கலாம். அதுவரை, வீட்டில் இருக்கும் மெஷினில் மேலேயிருந்து கீழைக் கழித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் என் ஓட்டு.

இப்போது அவனுக்கு இன்னொரு யோசனை: எங்கள் பள்ளி மாணவர்களின் பெற்றோர்களை அளக்க வேண்டுமாம், தலைமையாசிரியரிடம் நான் பேச வேண்டுமாம். இரண்டு நிபந்தனை போட்டேன். ரிப்போர்ட்டில் ரத்தக்குழாய் வயது என்று எதுவும் அச்சடிக்கக் கூடாது. வருகிற எல்லோருக்கும் நின்ற நிலையில் ஒரு பிரஷரும் கணுக்கால் பிரஷரும் பார்த்து, அந்த எண்களைத் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். முதலாவதற்கு உடனே சரி என்றான். இரண்டாவதற்கு ஓர் ஆளுக்குக் கால் மணி நேரம் கூடுதலாகும் டீச்சர் என்று இழுக்கிறான். கணக்கு சார் எங்கள் பக்கம்; கணுக்கால் வகுத்தலை நானே போட்டுத் தருகிறேன் என்று முன்வந்திருக்கிறார்.